கொய்யாக்காய் அளவில் ஒரு குமிழ்

ஆபரேஷன் முடிந்து ஒரு பெண் வீடு திரும்புகிறாள். டாக்ஸியிலிருந்து மருந்துப் பை இறங்குகிறது. எக்ஸ்ரே உறை இறங்குகிறது. யாரோ பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஆப்பிள் பை இறங்குகிறது. கடைசியில் அவளும் இறங்குகிறாள், புடைவைத் தலைப்பால் இடுப்பருகே எதையோ மூடிப் பிடித்துக்கொண்டு. வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கும் அத்தையின் கண்ணுக்கு அது தப்புமா?

"அது என்னம்மா கையில்?"

"டிரெயின் போட்டிருக்கிறார்கள், அத்தை."

அத்தை திகைத்துப் போகிறார். அவருக்குத் தெரிந்த டிரெயின் எழும்பூரிலிருந்து புறப்படுவது!

இந்த டிரெயின் ரயில் வண்டி அல்ல. ரணத்தில் ஊறும் நீரை வெளியே இழுக்கும் வடிகுழாய். தோலில் ஒரு சிறு துளை வழியாக மெல்லிய குழாய் ஒன்று வெளியே வருகிறது. அதன் நுனியில் கொய்யாக்காய் அளவில், கையால் அமுக்கினால் அமுங்குகிற ஒரு சிலிக்கோன் குமிழ். அதற்குள் கொஞ்சம் சிவப்பாக நீர். மின்சாரம் கிடையாது, மோட்டார் கிடையாது, ஸ்விட்ச் கிடையாது. பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதைப் பார்த்தவுடன் வீட்டில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். "ஐயோ, ரத்தம் இன்னும் நிற்கவில்லையே! அதற்குள் அனுப்பிவிட்டார்களே!" என்று ஒருவர் ஆரம்பிப்பார். இன்னொருவர் ஆமோதிப்பார். குமிழைச் சுமந்து வந்தவளின் முகம் வாடிவிடும்.

தைராய்டு ஆபரேஷன், வயிற்று ஆபரேஷன் என்று பலவற்றிலும் இந்தக் குமிழ் வைப்பது உண்டு. ஆனாலும் பல நாட்கள் இதோடு வீட்டில் இருக்க நேர்கிறவர்களில் முக்கியமானவர்கள், மார்பகப் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை நெஞ்சில் வைத்திருந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதற்குப் பின் வைத்தியம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டியிருந்தது. இப்போது சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதனால் என்ன ஆயிற்று என்றால், முன்பு நர்ஸ் பார்த்துக்கொண்ட வேலை ஒன்று இப்போது மகளிடமோ, மருமகளிடமோ, ஓரகத்தியிடமோ வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே அந்த வேலையைப் பற்றிச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது, அல்லவா?

முதலில், இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

மார்பகத்தை எடுக்கும்போது மேல்தோலை அடியிலுள்ள தசையிலிருந்து பிரித்துத்தான் எடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் தோலை மறுபடி மூடித் தைக்கிறார்கள். தைத்தது ஓரத்தில்தான். நடுவில் தோல் தசையின்மேல் சும்மா படிந்திருக்கிறதே தவிர, ஒட்டவில்லை. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அங்கே கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ நுண்குழாய்கள் அறுபட்டிருக்கும். அவற்றிலிருந்து நீர் கசிந்து, தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள காலி இடத்தில் சேர்கிறது. பள்ளிக்கூட நோட்டுக்குக் காகிதம் ஒட்டும்போது அடியில் காற்று நின்றுவிட்டால் அந்த இடம் ஒட்டாமல் உப்பிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். நீர் தேங்கினால் தோல் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் மேலும் நீர் சேரும். இந்த நீர்க்கட்டை டாக்டர்கள் சீரோமா என்கிறார்கள். பிறகு ஊசி போட்டு உறிஞ்ச வேண்டும். சில சமயம் அதில் கிருமி புகுந்து சீழ் வைத்துவிடும்.

ஆகவே குமிழில் நீர் சேர்வது ஏதோ கெட்டுப்போனதற்கு அடையாளமல்ல. உள்ளே நின்றிருக்க வேண்டியது வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றே அர்த்தம். அத்தையிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ரணத்தில் குழாய் வைப்பது புது யோசனை அல்ல. இதில் ஒரு மகாராணியின் கதையும் உண்டு. 1871 செப்டம்பரில், ஸ்காட்லாந்தில் பால்மோரல் மாளிகையில் விக்டோரியா மகாராணிக்கு அக்குளில் பெரிய கட்டி. எடின்பரோவிலிருந்து பிரபல ரண வைத்தியர் ஜோசப் லிஸ்டரை வரவழைத்தார்கள். கார்பாலிக் அமிலத்தைப் பன்னீர் தெளிப்பதுபோல் காற்றில் தெளித்துக் கிருமிகளைக் கொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. அரண்மனை வைத்தியர் ஜென்னர் தெளிப்பானை இயக்க, அது மகாராணியின் முகத்திலேயே போய்ப் பட்டுவிட்டதாம்! மகாராணி கோபித்துக்கொள்ள, தாம் வெறும் துருத்தி அடிக்கிறவன்தான் என்று ஜென்னர் மன்றாடினாராம்.

கட்டியைக் கீறியாயிற்று. ஆனால் உள்ளே வைத்த துணித் திரியையும் மீறிச் சீழ் தேங்கிவிட்டது. லிஸ்டர் யோசித்தார். அந்தத் தெளிப்பானில் இருந்த ரப்பர் குழாயில் ஒரு துண்டை நறுக்கினார். பக்கங்களில் துளை போட்டார். இரவு முழுதும் கார்பாலிக் திரவத்தில் ஊறவைத்து மறுநாள் காயத்துக்குள் வைத்தார். அடுத்த நாள் கட்டுப் பிரித்தபோது சீழ் இல்லை; தெளிந்த நீர் ஒரிரு சொட்டுதான். பிரான்சில் இதற்கு முன்பே ரப்பர் குழாயைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்றாலும், லிஸ்டர் அதை வைத்துப் பார்த்த முதல் அக்குள் ஒரு மகாராணியின் அக்குளாக அமைந்துவிட்டது. நம் வீட்டுப் பெண்ணுக்குக் குழாய் வைக்கிற இடமும் ஏறக்குறைய அதுவே. வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆனால் லிஸ்டரின் குழாயில் ஒரு குறை. அது திறந்த குழாய். நீர் தானாக வழிந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வழிகிற நீர் கட்டுத்துணியில்தான் ஊறும். நீர் வெளியே வரும் வழியிலேயே கிருமி உள்ளே போகலாம். வழிவதற்குப் பதில் இழுத்தால் என்ன என்ற எண்ணம் பிற்பாடு வலுத்தது. 1947இல் மர்ஃபி என்ற அமெரிக்க டாக்டர், மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு அக்குளில் ஏற்படும் காலி இடத்தை வளிமண்டல அழுத்தத்தைக் கொண்டே மூடலாம் என்று எழுதினார். பிரான்சில் ரெடோன் என்பவரும் அவர் சகாக்களும் 1954இல் காற்று நீக்கிய புட்டியைக் குழாயோடு இணைத்துக் காட்டினார்கள். ஐரோப்பாவில் இன்றும் பல ஆஸ்பத்திரிகளில் அதற்கு ரெடோன் என்றே பெயர்.

கையால் அமுக்கும் குமிழ் வந்தது அதற்கும் பிற்பாடு. அமெரிக்கக் கடற்படை டாக்டர்களான ஜாக்ஸனும் பிராட்டும் மண்டையோட்டுக்குள் மூளையின்மேல் தேங்கும் ரத்தத்தை வடிப்பதற்காக மிருதுவான சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செய்து, 1971இல் அதைப் பற்றி எழுதினார்கள். மூளைக்கு உறுத்தாதது உடம்பில் வேறு எந்த இடத்துக்குத்தான் உறுத்தும்? சீக்கிரமே மற்ற ஆபரேஷன்களுக்கும் அது பரவிவிட்டது. உலகமெங்கும் நர்ஸுகள் அதை இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து ஜே.பி. என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் குமிழுக்குப் பதில் துருத்தி மாதிரி மடிப்புள்ள தட்டையான குப்பி வைப்பதும் உண்டு. உருவம்தான் வேறு, உபாயம் ஒன்றே.

அந்த உபாயத்தை நம் பெரியவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் விளக்கிவிடலாம். பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லர் ஞாபகம் இருக்கிறதா? ரப்பர் தலையை அமுக்கி, மைப் புட்டிக்குள் நுனியை விட்டு, கையை எடுத்தால் மை மேலே ஏறும். அமுக்கும்போது உள்ளிருக்கும் காற்று போய்விடுகிறது. ரப்பர் பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இடத்தை நிரப்ப மை வருகிறது. இங்கே மைக்குப் பதில் ரணநீர். அதோடு, உள்ளே இழுபடும்போது தோல் தசையோடு அழுந்திப் படிகிறது. நீரை எடுப்பது பாதி வேலை. தோலை ஒட்டவைப்பது மீதிப் பாதி. அதனால்தான் குமிழ் சப்பையாக இருக்கும்வரைதான் அது வேலை செய்கிறது. முழுக்க உப்பிவிட்ட குமிழ் வெறும் புட்டி!

கையை நம்பிய இதே உபாயம் ஒரு பேரழிவின்போது வேறு ரூபத்தில் உதவிற்று. அதையும் சொல்லிவிட்டு நம் வீட்டுக்கு வருகிறேன்.

தைத்து மூட முடியாத பெரிய திறந்த காயங்களுக்கு இப்போது ஒரு வைத்தியம் செய்கிறார்கள். காயத்தில் கடற்பஞ்சு போன்ற ஒன்றையோ துணியையோ வைத்து, மேலே காற்றுப் புகாத மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, குழாய் வழியாக நாள் முழுதும் லேசாக உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். காயம் சீக்கிரம் ஆறுகிறது. தினமும் கட்டுப் பிரிக்கும் வேதனை இல்லை. ஆனால் உறிஞ்சுவதற்கு ஒரு மின்சார யந்திரம் வேண்டும். அமெரிக்காவில் அதன் வாடகையே ஒரு நாளைக்கு 100 டாலர் அளவில் இருந்தது. ஏழை நாட்டில் யார் கொடுப்பது? மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் யந்திரப் பொறியியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்த டானியெல் ஸுரோவ்சிக் என்ற பெண் இதற்கு வழி தேடினார். ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் உருளை. கையால் அமுக்கிவிட்டால் போதும். அது மெல்ல விரிந்தபடியே இழுத்துக்கொண்டிருக்கும். செலவு சுமார் 3 டாலர்.

2010 ஜனவரி 12ஆம் தேதி கரீபியக் கடலிலுள்ள ஹைட்டி நாட்டைப் பூகம்பம் நொறுக்கியது. நசுங்கிய கைகால்களோடு கூட்டம் கூட்டமாக மனிதர்கள். ஆஸ்பத்திரிகளுக்கே மின்சாரம் இல்லை. டாக்டர்களோடு ஸுரோவ்சிக்கும் தம் துருத்திகளை எடுத்துக்கொண்டு அங்கே போனார். சில நோயாளிகளுக்கு அவை பொருத்தப்பட்டன. அவர் பட்ட பாட்டில் பெரும்பங்கு பம்பினால் வந்ததல்ல. தாளுக்கும் தோலுக்கும் நடுவே காற்றுக் கசியாமல் ஒட்டுவதுதான் பெரும்பாடு. காற்று கசியாவிட்டால், ஒரு தடவை அமுக்கியது நாட்கணக்கில் நிற்கும். கசிந்தால் எந்தத் துருத்தியும் பிரயோஜனமில்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குமிழுக்கும் இதுதான் உயிர்.

இனி வீட்டுக்கு வருவோம்.

குமிழைக் காலி செய்ய வேண்டியது சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை; பாதி நிறைந்துவிட்டால் அதற்கு முன்பும் செய்யலாம். நிறைய நிறைய இழுக்கும் சக்தி குறையும் என்பதால் முழுக்க நிறையும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குமிழின் மூடியைத் திறந்து, அளவுக் கோடு போட்ட சிறு கிண்ணத்தில் நீரைக் கவிழுங்கள். மூடியின் உட்புறத்தையோ குமிழின் வாயையோ விரலால் தொட வேண்டாம். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். சுத்தம் என்று நினைத்துச் சில வீடுகளில் அதைச் செய்துவிடுவார்கள். கிருமியை அழைத்து உட்கார வைத்தது போலாகும்.

அடுத்த படியில்தான் கவனம் தேவை. மூடியைத் திறந்தபடியே குமிழை உள்ளங்கையில் வைத்து நன்றாக, சப்பையாகும்வரை அமுக்குங்கள். அமுக்கிய பிடியை விடாமல் மறு கையால் மூடியைப் போடுங்கள். பிறகுதான் கையை எடுக்க வேண்டும். காலி செய்த அவசரத்தில் முதலில் மூடியைப் போட்டுவிட்டால் குமிழ் உப்பியபடியே தொங்கும். ஒரு சொட்டும் இழுக்காது. கிண்ணத்தில் நீர் குறைந்ததைப் பார்த்து, "ஆறிவிட்டது!" என்று வீடே சந்தோஷப்படும். நீரோ உள்ளே தேங்கிக்கொண்டிருக்கும். சரியாக மூடியும் சிறிது நேரத்தில் குமிழ் காற்றால் உப்பிவிட்டால் எங்கேயோ கசிவு இருக்கிறது. டாக்டருக்குச் சொல்லுங்கள்.

குழாய்க்குள் நூல் மாதிரி ரத்தக் கட்டி நின்று அடைத்துக்கொள்வதுண்டு. தோலுக்கருகில் குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் இரு விரல்களால் பசுவுக்குப் பால் கறப்பது போல் குமிழை நோக்கி வழித்துவிட்டால் கட்டி நகர்ந்துவிடும். தோலுக்கருகே பிடிக்காமல் வழித்தால் தையலே வலிக்கும்படி இழுபடும். இது எத்தனை தடவை, தேவையா இல்லையா என்பதில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் டாக்டர் சொன்னபடி செய்யுங்கள்.

குமிழ் எப்போதும் காயத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தொங்கி இழுக்காமல் ஊக்கால் உள்ளாடையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளலாம். முன்பக்கம் திறக்கிற தொளதொளத்த ரவிக்கை அல்லது நைட்டி சௌகரியம். பழைய புடைவைக் கரையில் ஒரு சுருக்குப் பை தைத்துக் கழுத்திலிருந்து தொங்கவிட்டால் குளிக்கிற இடத்திலும் தூங்குகிற இடத்திலும் கவலையில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் அது பிடித்து இழுக்காமல் ஒரு கண் வேண்டும்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் காகிதத்தோடு இங்கிலீஷில் அச்சடித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிற வழக்கம் எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் கவனிக்கப் போகிறவரை அழைத்து, நர்ஸ் முன்னிலையில் அவர் கையாலேயே ஒரு தடவை செய்ய வைக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்: "ஒரு தடவை நான் செய்கிறேன், சரியா என்று பாருங்கள், சிஸ்டர்." யாரும் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக, நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், எத்தனை மில்லி லிட்டர், என்ன நிறம். இரண்டு குழாய் இருந்தால் 1, 2 என்று அடையாளம் போட்டுத் தனித்தனியே எழுத வேண்டும். கூட்டி எழுதினால் எதை எப்போது எடுப்பது என்று டாக்டருக்குத் தெரியாது. முதலில் சிவப்பு, பிறகு ரோஜா நிறம், பிறகு வைக்கோல் மாதிரி இளம் மஞ்சள். இப்படித்தான் மாறிக்கொண்டு வரும். 24 மணி நேரத்தில் 30 மில்லி லிட்டருக்குக் குறைந்து, அப்படியே ஓரிரு நாள் நின்றால் குழாயை எடுக்கலாம் என்பது பல டாக்டர்களின் கணக்கு. சிலருக்கு ஒரு வாரம். சிலருக்கு மூன்று வாரங்கூட ஆகும்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு சங்கடம் வருகிறது. அடுத்த வாரம் நாத்தனார் வீட்டில் சீமந்தம். இந்தக் குமிழோடு எப்படிப் போவது? "45 என்று எழுதாதே, 25 என்று எழுது, எடுத்துவிடுவார்கள்" என்று நோயாளியே கண்ணில் நீர் மல்கக் கேட்பாள். தூக்கம் கெட்டு, ஒரு பக்கமாகவே படுத்துப் படுத்து அவள் சலித்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறவர் இளகிவிடக் கூடாது. சீக்கிரம் எடுத்துவிட்டால் நீர்க்கட்டு உப்பும். ஊசியும் கையுமாக மறுபடி ஆஸ்பத்திரி வாசல். அதே சமயம், குறைந்த பிறகும் பயத்தில் நாளைக் கடத்துவதும் தப்பு. குழாய் இருக்கிற வரைக்கும் கிருமி நுழைய ஒரு வாசல் திறந்திருக்கிறது. டாக்டர் தம் கண்ணால் பார்க்காத அந்த நாட்களையெல்லாம் உங்கள் நோட்டைக் கொண்டுதான் பார்க்கிறார். சீமந்தத்துக்கு வேண்டுமானால் மேலே ஒரு சால்வை போர்த்திக்கொண்டு அரை மணி நேரம் போய்விட்டு வரட்டுமே!

சில சமயங்களில் அடுத்த வாரத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் போனால், நீர் கலங்கி நாற்றமடித்தால், குழாய் வருகிற இடத்தைச் சுற்றிச் சிவந்து சூடாக வீங்கினால், இளமஞ்சளாக இருந்தது திடீரென்று பளீரென்ற சிவப்பாகிக் குமிழ் வேகமாக நிறைந்தால், நேற்றுவரை நிறைய வந்தது இன்று அடியோடு நின்று மார்பு உப்பினால், அல்லது குழாயே நழுவி வந்துவிட்டால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவியுங்கள். நழுவி வந்த குழாயை மறுபடி உள்ளே தள்ளக் கூடாது. சுத்தமான துணியை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

எடுக்கிற நாளைப் பற்றித்தான் எல்லாருக்கும் அதிக பயம். அது வெகு சீக்கிரம் முடிந்துவிடும். இழுக்கும் சக்தியை முதலில் நிறுத்திவிட்டு, தையல் ஒன்றை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள். விடுவதற்குள் குழாய் வெளியே வந்திருக்கும். மருந்துத் துணி ஒன்றை வைத்து ஒட்டி அனுப்புவார்கள். ஓரிரு நாள் அதில் கொஞ்சம் நீர் கசியலாம். துளை தானே மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வரும்போது, கையைத் தூக்கிச் செய்ய வேண்டிய பயிற்சிகளை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டையும் எறிந்துவிடாமல் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள்; அடுத்த தடவை போகும்போது டாக்டர் கேட்டாலும் கேட்பார்.